என்னோடது, தொடாதே

ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். தாங்களும் சகலையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

தாங்கள் என் போனை எடுப்பதில்லை. எடுத்திருந்தாலும் எனக்குப் பேச்சு வந்திருக்காது. ஆகவே எழுதுகிறேன்.

இரண்டு விஷயங்கள். ஒன்று, ஜனவரியில் உங்கள் வீட்டுக்கு வந்தபோது உங்கள் தங்கை கொண்டுவந்த தோள்பை உங்களிடம்தான் இருக்கிறது. அதில் பச்சை அட்டை போட்ட ஒரு நோட்டு இருக்கும். அது அவளுடைய ஆய்வுக்கூட நோட்டு. நிறுவனத்துக்குச் சொந்தமானது. கூரியரில் அனுப்பி வைக்கவும்.

இரண்டு, அவள் கடைசியாகச் செய்த ஆய்வைப் பற்றி. அது கட்டுரையாக வருவதாக இருந்தது. அவள் போன பிறகு அதே சோதனையை நானே மூன்று முறை செய்து பார்த்தேன். அவளுக்கு வந்த முடிவு எனக்கு வரவில்லை. எனவே அவள் எழுதிய பகுதியை நீக்கிவிட்டு மீதியை மட்டும் வெளியிடலாம் என்று ஆய்வுக்கூடத் தலைவி மேடம் சொன்னார். சம்மதக் கடிதத்தில் கணவன் என்ற முறையிலும் உடன் உழைத்தவன் என்ற முறையிலும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். குடும்பத்தாருக்குத் தெரிவிப்பது முறை என்பதால் தெரிவிக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் தங்கை கணவன்

*

ஜூன் 15

மாப்ள,

உன் லெட்டர் வந்துச்சு. தண்ணி கனெக்‌ஷனைத் துண்டிக்கிறோம்னு ஆபீஸ்ல இருந்து நோட்டீஸ் வரும் பாரு, அதே மாதிரி இருந்துச்சு. ‘தாங்கள்’, ‘ஆகவே’, ‘முறை’. நான் உனக்கு யாரு? என் வீட்டுச் சமையல்கட்டுல நின்னுகிட்டே சட்டியில இருந்து வழிச்சுத் தின்ன ஆளு நீ. இனிமே எழுதுறதா இருந்தா பேசுற மாதிரி எழுது. இல்லாட்டி எழுதாத.

நோட்டு குடுக்க மாட்டேன்.

போனை ஏன் எடுக்கலன்னு உனக்குத் தெரியும். தெரியலன்னா கேட்டுக்கோ. ஆஸ்பத்திரியில மூணு நாள் அவ கண்ணே தெறக்காம கெடந்தா. தலைக்குள்ள நரம்பு வெடிச்சிருக்குன்னு டாக்டர் சொன்னதுல இருந்து நான் அவ காலைப் பிடிச்சுகிட்டே உக்காந்திருந்தேன். நீ என்ன பண்ணின? அவ தலைமாட்டுல இருந்த மெஷினைப் பார்த்துகிட்டு நின்ன. அவ மொகத்தைப் பார்க்கல. அதுல ஓடுற நம்பரைப் பார்த்த. எல்லாம் முடிஞ்ச அப்புறமும் ஒரு சொட்டுக் கண்ணீர் கெடையாது. மறுநாளே ரயில் ஏறிட்ட. “வேலை இருக்கு அக்கா”ன்னு சொன்ன. உன் சகலை வாசல்ல நின்னு அழுதாரு மாப்ள. நம்ம சாயக்கடையில அயர்ன் பாக்ஸைத் தூக்குற அந்தக் கட்டையான மனுஷன். அவரு அழுதாரு, நீ அழல.

இப்ப அவ செஞ்சது தப்புன்னு கையெழுத்து வேற போட்டிருக்க.

பொடிசு தப்புப் பண்ணுவாளா? அஞ்சு வயசுல வீட்டுப் பட்டன் டப்பாவைக் கவுத்துப் போட்டு எண்ணுவா. எண்ணி முடிச்சதும் கலைச்சுட்டுத் திரும்ப எண்ணுவா. “அதான் எண்ணிட்டியேடி”ன்னா, “மொதல்ல எண்ணினது நெசமான்னு பார்க்கிறேன்”னு சொல்லும் அந்தக் குட்டிப்பிசாசு. அவளா தப்பா எண்ணுவா?

நான் பத்தாவது ஃபெயில். துணி வெளுக்கவும் சாயம் போடவும் தெரியும், வேற ஒண்ணும் தெரியாது. அவ என்ன கண்டுபிடிச்சா, அது எப்படித் தப்பாச்சுன்னு எனக்குப் புரியுற மாதிரி எழுது. புரிஞ்சா நோட்டைப் பத்தி யோசிக்கிறேன்.

அக்கா

*

ஜூன் 21

அக்கா,

பேசுற மாதிரியே எழுதுறேன். நாலு வரி எழுதிட்டு அரை மணி நேரம் சும்மா உக்காந்திருக்கேன். பரவாயில்ல.

மார்புப் புத்துநோய்ல ஒரு வகை இருக்கு. அந்தச் செல்லுக்கு ஒரு காது இருக்குன்னு வெச்சுக்கோங்க. பொம்பளைங்க ஒடம்புல ஓடுற ஈஸ்ட்ரோஜன்ங்கிற ஹார்மோன் வந்து அந்தக் காதுல “வளரு”ன்னு சொல்லும். சொன்னா வளரும். சொல்லலன்னா கம்முனு கெடக்கும். அந்தக் காதை அடைக்கிற மாத்திரைகூட ரொம்ப நாளா இருக்கு.

உங்க தங்கச்சி என்ன பண்ணினான்னா, அந்தச் செல்லுக்குள்ள ஒரு வெளக்கை வெச்சா. மின்மினிப்பூச்சிக்குள்ள இருக்குமே, அந்தச் சரக்கு. எப்பல்லாம் செல்லுக்கு “வளரு”ன்னு கேக்குதோ அப்பல்லாம் அது மினுங்கும். கண்ணுக்குத் தெரியாது, மெஷின் எண்ணிச் சொல்லும். எண்ணு கூடினா செல்லுக்கு நல்லாக் கேக்குதுன்னு அர்த்தம்.

இனி என் பங்கு. நான் அதே வளாகத்துல எதிர்க் கட்டடத்துல தங்கத் துகள் செய்யுறவன். ஒரு முடியோட அகலத்துல மூவாயிரம் துகளை வரிசையா நிக்க வைக்கலாம், அவ்வளவு சின்னது. மருந்தை மேல ஏத்திவிட்டா நேரா புத்துச் செல்லுக்குள்ள கொண்டுபோய் எறக்கிடும். அஞ்சு வருஷ வேலை அக்கா. ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம, கட்டி தட்டாம, மாசக்கணக்குல தண்ணியில மெதக்குற மாதிரி கொண்டுவந்தேன். எல்லாரும் பாராட்டினாங்க.

அதை அவ வாங்கிட்டுப் போய் அந்தச் செல்லு மேல போட்டுப் பார்த்தா. மருந்தே ஏத்தாம, ஹார்மோனும் ஊத்தாம, வெறும் துகளை மட்டும். செல்லு மினுங்கிடுச்சு.

புரியுதா? மருந்து கொண்டுபோக வேண்டிய என் துகளே ஹார்மோன் மாதிரி அந்தக் காதுல “வளரு”ன்னு சொல்லுது. இதான் அவ கண்டுபிடிச்சது.

அன்னிக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து சொன்னா. “உன் துகள் மூட்டையை நல்லாத்தான் சுமக்குது. ஆனா போற வழியில நின்னு வம்பு பேசுது.” எனக்குச் சுருக்குன்னுச்சு. “நீதான் எதையோ சரியா கழுவாம போட்டிருப்ப”ன்னு சொல்லிட்டேன். பதினோரு நாள் பேசல. சாப்பிடக் கூப்பிட டேபிளைத் தட்டுவா, அவ்வளவுதான். பன்னெண்டாம் நாள் நானே போய்ப் பேசினேன். அவ சிரிச்சா. “நான் சொன்னது நெசம்னு நீயே ஒரு நாள் சொல்லுவ, அதுவரைக்கும் உன்னை மன்னிச்சு வெச்சிருக்கேன்”னு சொன்னா.

அதுக்கப்புறம் ஜனவரி.

ஏப்ரல்ல மேடம் கூப்பிட்டு, திரும்பச் செஞ்சு காட்டாம பத்திரிகைக்கு அனுப்ப முடியாதுன்னாங்க. அவ செய்முறையைக் கடைசியா எழுதுவேன்னு வெச்சிருந்தா, எழுதவே இல்ல. வெறும் எண்ணுதான் கம்ப்யூட்டர்ல இருந்துச்சு. மத்தவங்கல்லாம் வேற வேலையில இருக்காங்க. நானே செய்யுறேன்னு சொன்னேன். செல்லைப் பார்த்துக்கிற வேலையை அவ பக்கத்துல நின்னு பார்த்திருக்கேன். அங்க எல்லாரும் பொதுவா எடுக்கிற பாட்டில்ல இருந்து, செல்லு ஊறிக் கெடக்கிற செவப்புத் தண்ணியை எடுத்து ஊத்தி, செல்லை வளர்த்து, தொண்ணூத்தாறு குழித் தட்டுல மூணு தடவை செஞ்சேன். மூணு தடவையும் எல்லாக் குழியும் ஒரே அளவுல மினுங்குது. துகள் போட்டதும் அப்படித்தான், போடாததும் அப்படித்தான். ஒரு வித்தியாசமும் இல்ல.

ஒண்ணு சொல்லணும். இதை யார்கிட்டயும் சொல்லல. மூணாவது தட்டும் அப்படியே வந்தப்ப எனக்கு நிம்மதியா இருந்துச்சு. ஒரு நிமிஷம். ‘என் துகள் மேல தப்பில்ல’ன்னு. அந்த நிமிஷத்துக்கு அப்புறம் கையெழுத்துப் போட்டது சுலபமா இருந்துச்சு.

திட்டணும்னா திட்டுங்க.

*

ஜூன் 28

மாப்ள,

திட்டத்தான் பேப்பர் எடுத்தேன். எழுத எழுத வேற எங்கயோ போயிடுச்சு. மொதல்ல திட்டை வாங்கிக்கோ.

நிம்மதியா இருந்துச்சாம். பொண்டாட்டி தோத்தா புருஷனுக்கு நிம்மதி. உலகத்துல புதுசா ஒண்ணும் இல்ல. உன் சகலை பதினாறு வருஷமா நான் சாயம் கலக்கினா பின்னாடியே வந்து நின்னு, “இது கொஞ்சம் தூக்கலா இருக்கே”ன்னு சொல்றவரு. உலர்ந்ததும் சரியா வந்துச்சுன்னா வாயைத் தெறக்க மாட்டாரு. வரலன்னா அன்னிக்கு டீ அவரே போட்டுக் குடுப்பாரு. சந்தோஷத்துல.

ஆனா நீ அதை ஒளிக்காம எழுதின. அதுக்காக இந்த லெட்டரைக் கிழிக்காம முடிக்கிறேன்.

துகளைத் தங்கத்துல செஞ்சும் கண்ணுக்கே தெரியலன்னா என்னத்துக்கு அதுன்னு உன் சகலை கேக்குறாரு. நீ எழுதினதை அவருக்குப் படிச்சுக் காட்டினேன். காது, வெளக்கு, வம்பு பேசுறது எல்லாம் புரிஞ்சுச்சு. ஒண்ணு மட்டும் புரியல.

நீ செவப்புத் தண்ணின்னு எழுதியிருக்க.

போன வருஷம் உங்க எடத்துல குடும்பத்தை எல்லாம் உள்ள விட்டு சுத்திக் காட்டினாங்களே, அன்னிக்கு நீ ஏதோ மீட்டிங்னு எதிர்க் கட்டடத்துல மாட்டிக்கிட்ட. பொடிசு என்னை அவ ரூமுக்குக் கூட்டிட்டுப் போனா. ஒரு அலமாரி, உள்ள கதகதன்னு இருந்துச்சு. அடுக்கடுக்கா தட்டு. மத்தவங்க தட்டெல்லாம் ரோஜாக் கலர். இவ தட்டு மட்டும் பச்சத்தண்ணி மாதிரி வெள்ளையா இருந்துச்சு. நான் தொழில்காரி, கலர்தான் மொதல்ல கண்ணுல படும். “ஏண்டி, உன்னுது மட்டும் வெளுத்துப்போச்சு, சாயம் நிக்கலையா?”ன்னு கேட்டேன். அவ விழுந்து விழுந்து சிரிச்சா. “அந்தச் சாயம் எனக்கு ஆகாதுக்கா, அதுவே ஹார்மோன் மாதிரி நடிக்கும்”னா. எனக்கு ஒண்ணும் புரியல. சாயம் நடிக்குமான்னு நானும் சிரிச்சேன்.

அன்னிக்குப் பூரா எல்லார்கிட்டயும் உன்னைப் பத்தித்தான் பேசினா. எங்க வீட்டுக்காரர் செய்யுற துகள் மாதிரி சுத்தமா யாரும் செய்யுறதில்லன்னு. இதை நீ தெரிஞ்சுக்கணும்னுதான் அந்த நாளைப் பத்தியே எழுத ஆரம்பிச்சேன். தண்ணி விஷயம் நடுவுல வந்துடுச்சு.

அவளுது வெள்ளையா இருந்துச்சு மாப்ள. நீ ஏன் செவப்பு ஊத்தின?

நோட்டு இன்னும் பைக்குள்ளதான் இருக்கு. நான் தெறக்கல. தெறக்க முடியல.

அக்கா

*

ஜூலை 3

அக்கா,

உங்க லெட்டரைப் படிக்கட்டுல நின்னே படிச்சேன். உடனே ஆய்வுக்கூட ஃப்ரிட்ஜ்தான் ஞாபகம் வந்துச்சு.

அவ போய் ஒரு மாசத்துல, ஃப்ரிட்ஜ்ல அவ தட்டைக் காலி பண்ணிக் குடுங்கன்னு ஆய்வுக்கூடத்துல கேட்டாங்க. போனேன். கீழ்த்தட்டுல ஒன்பது பாட்டில். உள்ள இருந்தது தண்ணி மாதிரி வெள்ளையா இருந்துச்சு. ஒவ்வொண்ணு மேலயும் அவ கையெழுத்துல ‘என்னோடது, தொடாதே’ன்னு லேபிள். வேற ஒண்ணும் எழுதல. பழைய உப்புத்தண்ணின்னு நெனச்சேன். என்னன்னு யாரையும் கேக்கல. ஒவ்வொண்ணா மூடியைத் தெறந்து தொட்டியில ஊத்தினேன். ஒன்பதையும். பாட்டிலைக் கழுவுற எடத்துல வரிசையா வெச்சுட்டு வந்தேன்.

அது தண்ணி இல்ல. அவ செல்லுக்குப் போடுற சாப்பாடு, மீடியம்னு சொல்லுவோம்.

அந்தச் செவப்பு ஒரு சாயம். தண்ணி புளிச்சுப்போனா மஞ்சளா மாறி காட்டிக்குடுக்கும், அதுக்காகத்தான் கலக்குறாங்க. மத்த ஆராய்ச்சிக்கு அதனால ஒரு தொல்லையும் இல்ல. ஆனா அந்தச் சாயத்துக்கு லேசா ஹார்மோன் குணம் உண்டு. செல்லு காதுல அதுவும் “வளரு”ன்னு சொல்லும். உங்க லெட்டருக்கு அப்புறம் புஸ்தகத்தை எடுத்துப் பார்த்தேன். எனக்கு முன்னாடி எத்தனையோ பேரு எழுதி வெச்சிருக்காங்க. இந்த வேலையில மொதல் பாடமே அதான். நான் துகள்காரன், அந்தப் பாடத்தைப் படிக்கல. போதாததுக்கு, செல்லு வளரட்டும்னு கலக்குற கன்னுக்குட்டி ரத்தச் சீரத்துல நெசமான ஹார்மோனே இருக்கும்.

நான் செஞ்சது இதான். கத்துற கூட்டத்துக்கு நடுவுல நின்னுகிட்டு, என் துகள் கிசுகிசுக்கிறது கேக்குதான்னு பார்த்திருக்கேன். எல்லாக் குழியும் ஏற்கனவே மினுங்கிட்டுதான் இருந்துச்சு. அதைப் பார்த்துட்டு அவ தப்புன்னு கையெழுத்துப் போட்டேன்.

மேடம்கிட்ட ஓடினேன். அவங்க எல்லாத்தையும் கேட்டுக்கிட்டாங்க. அப்புறம், “என்ன ஊத்தினீங்கன்னு நானும் கேக்கல”ன்னு சொன்னாங்க. சம்மதக் கடிதத்தை டிராயர்ல இருந்து எடுத்து மேசை மேல வெச்சாங்க. “ஆகஸ்ட் இருபதாம் தேதி கட்டுரை போகணும். அதுக்குள்ள அவ செஞ்ச மாதிரியே செஞ்சு காட்டுங்க. இல்லன்னா இந்தக் கடிதம் நிக்கும்.”

வெள்ளை மீடியம் வாங்கிடலாம். ஆனா ஹார்மோன் போக சீரத்தை எப்படிக் கழுவினா, எத்தனை நாள் வெச்சா, துகளை எவ்வளவு போட்டா, எதுவும் எனக்குத் தெரியாது. எல்லாம் அந்த நோட்டுல இருக்கு.

அக்கா, நோட்டைத் தெறங்க. எனக்காக வேணாம்.

*

ஜூலை 9

மாப்ள,

தெறந்துட்டேன்.

கடையைச் சாத்திட்டு, உன் சகலையை வெளிய அனுப்பிட்டு, துணி மடிக்கிற மேசையில வெச்சுத் தெறந்தேன். மொத பக்கத்துலயே ஒரு மளிகை லிஸ்ட். அதுக்குக் கீழ உன் படம். மூக்கைப் பெருசா போட்டிருக்கா. சரியாத்தான் போட்டிருக்கா.

பதினேழாம் பக்கத்துல இருந்து வருது. கூரியர் நாளைக்குத்தான் வருவான், அதுவரைக்கும் என் கை சும்மா இருக்கலன்னு பார்த்து எழுதுறேன். அவ எழுதின மாதிரியே எழுதியிருக்கேன்.

‘வெள்ளை மீடியம் மட்டும். செவப்புப் பாட்டில் பக்கமே போகக்கூடாது.’

‘சீரத்தைக் கரித்தூள்ல கலக்கிச் சுத்தவிட்டு வடிகட்டணும். ரெண்டு தடவை. சோம்பேறித்தனம் வந்தா மூணு தடவை.’

‘துகள் போடுறதுக்கு முன்னாடி செல்லை மூணு நாள் பட்டினி போடணும். ஹார்மோன் வாசமே படக்கூடாது. பாவமா இருக்கும். இருந்தாலும் போடணும்.’

பட்டினி போட்டா நல்லாக் கேக்கும்போல. உன் சகலைக்கும் அப்படித்தான்.

அளவெல்லாம் கட்டம் போட்டு எழுதியிருக்கா. என்னால பார்த்து எழுத முடியல, புள்ளி தப்பாப் போயிடும்னு பயம். நோட்டையே பார்த்துக்கோ.

கடைசிப் பக்கத்தைப் பத்தி நான் சொல்லணும்.

அவ என் வீட்டுல இருந்த நாலு நாள்ல மூணாவது நாள். மத்தியானம் கடைக்கு வந்தா. துணி அலசுறதுக்கு ஒரு திரவ சோப்பு டிரம்ல வாங்கி வெச்சிருப்பேன், நீயும் பார்த்திருப்ப, நீலக் கலர் டிரம். அது முன்னாடி குந்த வெச்சு உக்காந்து, மேல ஒட்டியிருந்த பேப்பரைப் படிச்சுகிட்டே இருந்தா. பத்து நிமிஷம் இருக்கும். “அதுல என்னடி கதையா எழுதியிருக்கு?”ன்னு கேட்டேன். “கதைதான்க்கா. வில்லன் யாருன்னு இப்பத்தான் தெரிஞ்சுது”ன்னா. சிரிச்சுகிட்டே எந்திரிச்சா. கால் மரத்துப்போச்சுன்னு என் தோளைப் பிடிச்சுக்கிட்டா. மறுநாள் காலையில பல்லு தேய்க்கப் போனவ விழுந்தா.

இத்தனை மாசமா எனக்கு அந்த டிரம்மைப் பார்க்கவே பிடிக்கல. எதுக்குச் சிரிச்சா, எதுக்குச் சிரிச்சான்னு மண்டைக்குள்ள ஓடிகிட்டே இருந்துச்சு.

கடைசிப் பக்கத்துல இதான் எழுதியிருக்கு:

‘அவன்கிட்ட கேக்கணும். பேசுறது தங்கமா, தங்கத்து மேல அவன் பூசுறதா? துகள் ஒட்டாம இருக்கணும்னு அவன் போடுற பூச்சும் அக்கா கடை டிரம்ல இருக்கிற சோப்பும் ஒரே குடும்பம். அந்தக் குடும்பத்துக்கு ஹார்மோன் வேஷம் போடுற பழக்கம் உண்டு. பூச்சை மட்டும் மாத்தினா அவன் துகள் வாயை மூடிக்கும். தங்கம் நல்ல தங்கம்தான். ஊருக்குப் போனதும் மொத வேலையா இதைச் சொல்லணும். அவன் மொகத்தைப் பார்க்கணும்.’

அவ்வளவுதான். அதுக்கு மேல வெள்ளைப் பக்கம்.

உன்னைத் தோக்கடிக்க இல்ல மாப்ள, உன் துகளைக் காப்பாத்தத்தான் எண்ணிகிட்டு இருந்திருக்கா.

நோட்டு நாளைக்கு வருது. பத்திரம். கையெழுத்து வாங்கிட்டுத்தான் குடுக்கணும்னு கூரியர்காரன்கிட்ட மூணு தடவை சொல்லப்போறேன்.

அக்கா

*

ஆகஸ்ட் 12

அக்கா,

நோட்டு வந்த அன்னிக்கே கெடைச்சதுன்னு ரசீதை மட்டும் தபால்ல போட்டேன், ஒரு வரிகூட எழுதல. மன்னிச்சுக்கோங்க. கை முழுக்க வேலை இருந்துச்சு. இப்பச் சொல்றேன்.

சீரத்தைக் கரியில மூணு தடவை கழுவினேன். மொத தடவை என் சட்டை, மூஞ்சி எல்லாம் கரி. கண்ணாடிப் பாத்திரம் கழுவுற அம்மா பார்த்துட்டு, “சார், ரயில் எஞ்சின்ல ஏறிட்டு வர்றீங்களா?”ன்னு கேட்டாங்க. சிரிச்சுட்டேன். சிரிச்ச சத்தம் எனக்கே புதுசா இருந்துச்சு. அந்த அம்மாதான் இன்னொண்ணும் செஞ்சாங்க. பிப்ரவரியில நான் வெச்சுட்டு வந்த ஒன்பது பாட்டில்ல ஒண்ணுல லேபிள் உரியவே இல்லையாம். எழுத்து அவளோடதுன்னு தெரிஞ்சு கழுவாம எடுத்து வெச்சிருந்தாங்க. குடுத்தாங்க. அந்தப் பாட்டில்லதான் புது மீடியம் ஊத்தினேன். ‘என்னோடது, தொடாதே’ன்னு இருக்கு. யாரும் தொடல.

செல்லை மூணு நாள் பட்டினி போட்டேன். பாவமாத்தான் இருந்துச்சு.

தட்டுல நாலு வரிசை வெச்சேன். மொத வரிசையில ஒண்ணுமே போடல. ரெண்டாவதுல ஹார்மோன். மூணாவதுல என் பழைய துகள். நாலாவதுல புதுத் துகள். அதே தங்கம், அதே அளவு, பூச்சு மட்டும் வேற. அந்தப் பூச்சைக் கண்டுபிடிக்கத்தான் மூணு வாரம் ஆச்சு. பதினாலு தடவை கட்டி தட்டிப்போச்சு.

மேடமும் வந்து பக்கத்துல நின்னாங்க. மெஷின் ஒவ்வொரு வரிசையா எண்ணிச்சு.

ஒண்ணும் போடாத வரிசை: நூத்திப் பத்து. இருட்டு.
ஹார்மோன்: ரெண்டாயிரத்து எண்பது.
என் பழைய துகள்: எண்ணூத்தி எழுபது. அவ கம்ப்யூட்டர்ல விட்டுட்டுப்போன எண்ணு எண்ணூத்தித் தொண்ணூறு.

அவ சொன்னது நெசம் அக்கா. என் துகள் பேசுது. சும்மா இல்ல, ஹார்மோன்ல பாதிக்குக் கொஞ்சம் கம்மியா, நல்லாவே பேசுது.

நாலாவது வரிசை: நூத்தி இருபது.

வாயை மூடிக்கிச்சு.

கலைச்சுட்டுப் புதுத் தட்டு வெச்சு ரெண்டாவது தடவை எண்ணினேன். அப்புறம் மூணாவது. பட்டன் டப்பா ஞாபகம் வந்துச்சு.

மேடம் என்னைப் பார்த்து, “இது அச்சுல வந்தா உங்க பழைய துகளை இனி யாரும் தொட மாட்டாங்க. அஞ்சு வருஷ வேலைக்கு நீங்களே பூட்டுப் போடுறீங்க. தெரியுதா?”ன்னு கேட்டாங்க. “தெரியுது மேடம். மொத பேரு அவளோடது, எழுதிக்கோங்க”ன்னு சொன்னேன். அவங்க சம்மதக் கடிதத்தை எடுத்து எங்கிட்டயே குடுத்தாங்க. நாலா கிழிச்சேன். அஞ்சு வருஷமா எத்தனையோ பேரு கைதட்டினப்ப வராத பெருமை, என் துகள் தோத்ததும் வந்துச்சு. 

இது மருந்து இல்ல அக்கா. யாரையும் இதால இன்னும் காப்பாத்திடல. ஒரு தட்டுல, ஒரு வகைச் செல்லுல தெரிஞ்ச விஷயம். ஆனா மருந்தைத் தூக்கிட்டுப் போற வண்டியே நோயை வளர்த்துவிடலாம்னு, யாரும் கேக்காதப்ப ஒருத்தி கேட்டிருக்கா. இனி துகள் செய்யுறவன் ஒவ்வொருத்தனும் பூச்சைச் சோதிச்சுட்டுத்தான் வெளிய விடணும்.

ஆஸ்பத்திரியைப் பத்திச் சொல்லிடறேன். நீங்க கேட்டு ரெண்டு மாசம் ஆச்சு. நான் அந்த மெஷினைத்தான் பார்த்துகிட்டு நின்னேன், நெசம். எனக்கு வேற எதையும் பார்க்கத் தெரியல. எண்ணு ஓடுற வரைக்கும் அவ இருக்கான்னு நெனச்சேன். மொகத்தைப் பார்த்தா அந்த எண்ணு நின்னுடும்னு தோணுச்சு. அதுக்கப்புறம் எந்த எண்ணைப் பார்த்தாலும் எனக்கு ஒண்ணும் ஆகல. மொத தடவை அந்த நாலாவது வரிசை வந்தப்ப, அவ பார்க்கணும்னு எழுதியிருந்தாளே ஒரு மொகம், அது எனக்கு வந்திருக்கும்னு நெனக்கிறேன். மேடம் கதவைச் சாத்திட்டு வெளிய போயிட்டாங்க. ரொம்ப நேரம் கழிச்சுத்தான் யாரோ தட்டினாங்க.

சகலைகிட்ட சொல்லுங்க. நானும் அழுதுட்டேன்.

*

நவம்பர் 26

மாப்ள,

அச்சுல வந்த பேப்பர் கெடைச்சுது. மொத பேரு பொடிசு. அவ பேருக்குப் பக்கத்துல குட்டியா ஒரு நட்சத்திரம், கீழ அவ இப்ப இல்லன்னு சின்ன எழுத்துல போட்டிருக்கு. ரெண்டாவது பேரு நீ. பின்னாடி நன்றின்னு எழுதின எடத்துல, ‘வெள்ளைத் தண்ணியைக் கவனித்த சாயக்கடைக்காரருக்கு’ன்னு என்னையும் கோத்துவிட்டிருக்க. கடையில வந்து போற எல்லாருக்கும் அதைக் காட்டிட்டேன். மொத பக்கத்தைக் கண்ணாடி போட்டு கல்லாவுக்கு மேல மாட்டியிருக்கேன். ஒருத்தருக்கும் ஒரு எழுத்தும் புரியல. எனக்கு மட்டும் புரியுது. நின்னு வெளக்கம் சொல்றேன். காது, வெளக்கு, வம்பு பேசுற துகள். துணி வாங்க வந்தவங்க துணியை மறந்துட்டுக் கேக்குறாங்க.

“யார் செஞ்ச துகள் அது?”ன்னு ஒரு டீச்சரம்மா கேட்டாங்க. “என் தங்கச்சி புருஷன் செஞ்சது. தப்பு கண்டுபிடிச்சது என் தங்கச்சி. அதைச் சரின்னு ஊருக்கே சொன்னது அதே புருஷன்”னு சொன்னேன். அந்தம்மா உன் சகலையை ஒரு பார்வை பார்த்தாங்க. அவரு உள்ள போயிட்டாரு.

நீல டிரம்மை மாத்திட்டேன். வேற சோப்பு. நுரை கம்மி, ஆனா துணி நல்லாத்தான் வருது. பழைய டிரம்மைக் கழுவித் துணி நனைக்க வெச்சிருக்கேன். அந்தப் பேப்பரை மட்டும் உரிக்கல.

உங்க ஆபீஸ்ல அந்தப் பச்சை நோட்டை அலமாரியில வெச்சுப் பூட்டப்போறதா எழுதியிருந்த. அவங்க சொத்துன்னா வெச்சுக்கட்டும். ஆனா பூட்டக்கூடாதுன்னு சொல்லு. புதுசா வர்ற புள்ளைங்க யாராச்சும் செவப்புப் பாட்டிலைத் தூக்கினா, அதை எடுத்துப் பதினேழாம் பக்கத்தைக் காட்டணும். அட்டை மேல ஒட்டுறதுக்கு நான் ஒரு லேபிள் எழுதி இதோட வெச்சிருக்கேன். சாயம் போகாத மையில எழுதினது, நானே கலக்கினேன். தண்ணி பட்டாலும் அழியாது.

இனிமே எழுதாத, போன் பண்ணு. எடுப்பேன். ஒண்ணும் பேச வரலன்னா பரவாயில்ல, நான் பேசுறேன்.

அக்கா

(உள்ளே ஒரு துண்டுக் காகிதம்)

என் தங்கச்சியோடது. தொடலாம்.